வலி நின்ற ஒன்பது நாட்கள்

துளசி, கவின், உங்கள் இரண்டு பேருக்கும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்து நான் வீட்டுக்கு வந்த அன்று, கவின் என் தொண்டையில் இருந்த மருந்துக் கட்டைப் பார்த்துக்கொண்டே நின்று, "பல்லுக்கொதியில ஆரும் சாவினமோ அப்பா?" என்று கேட்டான். "வாயைப் பொத்தடா" என்று உங்கள் அம்மா அதட்டினார். துளசி தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு அப்போது குரல் சரியாக வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது சொல்கிறேன். ஓம், பல்வலியாலும் சாவார்கள். நான் அதற்குக் கிட்டப் போய்த்தான் திரும்பி வந்தேன். நான் ஆண்டு ஒன்பதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கியவன். எழுத்துப் பிழை இருந்தால் துளசி திருத்தட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

என் வலப்பக்கக் கீழ்த் தாடையில், கடைசிக்கு முதல் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. எத்தனை வருடமாக இருந்தது என்று எனக்கே தெரியாது. நாக்கு நுனியால் தடவினால் சின்னப் பள்ளம் ஒன்று தட்டுப்படும். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு வரம்பில் நிற்கிற நேரமெல்லாம் என் நாக்கு அங்கேதான் போய் நிற்கும். ஆனி மாதக் கடைசியில் அது கொதிக்கத் தொடங்கியது. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மண்டைக்குள் ஊசி ஏறியது. பிறகு சுடுதேத்தண்ணிக்கும் ஏறியது. பிறகு ஒன்றும் படாமலே ஏறியது. கராம்பு வைத்தேன். புகையிலைத் துண்டு வைத்தேன். பனடோல் போட்டேன்.

"பல்லுக் கிளினிக்குக்கு ஒருக்காப் போட்டு வாங்கோவன்" என்று அம்மா எத்தனை தரம் சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும்.

"வெங்காயம் கிண்டி முடியட்டும்" என்று நான் எத்தனை தரம் சொன்னேன் என்றும் தெரியும்.

ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாதவர்களின் விரதம் அது. என் அப்பாவுக்காக நானும் கீரிமலைக்குப் போய்க் கேணியில் முழுகினேன். தண்ணீருக்குள் தலையை வைத்திருந்தபோதுகூட அந்தப் பல் உள்ளே உலக்கை போட்டது போல் இடித்துக்கொண்டிருந்தது. "அப்பா, இந்த நோவை ஒருக்கா எடுத்துவிடுங்கோ" என்று தண்ணீருக்குள்ளேயே கேட்டேன். வீட்டுக்கு வந்து படைத்து முடித்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தோம். அந்த விரதத்துக்கென்றே பொரிக்கிற காத்தோட்டிக்காயை மறதியில் வலப்பக்கத்தால் கடித்துவிட்டேன். நோகவில்லை. வேண்டுமென்றே இன்னொரு முறை கடித்தேன். நோகவே இல்லை. இரண்டு கிழமையாக என்னைத் தின்ற வலி, சுவிச்சை நிற்பாட்டினதுபோல் நின்றுவிட்டது.

"என்னப்பா, அப்பப்பா வந்து நோவைப் புடுங்கிக்கொண்டு போட்டாரோ?" என்று துளசி கேட்டாள்.

"ஓமடி, அவர்தான்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை, பிள்ளைகளே. அப்படியே நம்பினேன். அந்த மத்தியானம்தான் என் பல் செத்தது. அது எனக்குத் தெரிய வர இன்னும் நாட்கள் இருந்தன.

நோவு போனதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனம் அரித்தது. நல்லூர்க் கோயிலில் கொடி ஏறினவுடன் ஒரு நாள் பிரதட்டை உருளுவதாக நேர்ந்துகொண்டேன். கொடி ஏறிய மூன்றாம் நாள் விடிய, ஈரத் துணியோடு வெளிவீதி மணலில் உருண்டேன். உங்கள் ரஞ்சன் மாமா பக்கத்தில் நடந்து வந்தார்.

"அத்தான், வெங்காய மூட்டை உருண்டு வாற மாதிரிக் கிடக்கு. ஆரும் விலை கேட்டால் என்ன சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வலக் கன்னம் மணலில் படும்போதெல்லாம் உள்ளே ஒரு பாரம். நோவு இல்லை, பாரம். சட்டியில் தண்ணீர் அசைவது போல ஏதோ ஒன்று தாடைக்குள் இடம் மாறியது. எழும்பி நின்றபோது குளிர்ந்து நடுங்கியது. ஈரத் துணியின் குளிர் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் ஒரு விரல்தான் உள்ளே போனது.

"இஞ்சாருங்கோ, முகம் ஒருபக்கம் வீங்கிக் கிடக்கு" என்றார் அம்மா.

"உருளேக்கை கல்லு ஏதும் குத்தியிருக்கும்."

"கல்லுக் குத்தினா காய்ச்சல் காயுமோ? உடம்பு நெருப்பாக் கிடக்கு. இது பல்லாலதான் வருது."

"பல்லுத்தான் நோகேல்லையே! அமாவாசையோட அது சுகம். விரதத்துக்கை ஆஸ்பத்திரிக் கதை கதையாதையும்."

அம்மாவுக்கு நம்பிக்கை வரட்டும் என்று கரண்டிக் காம்பால் அந்தப் பல்லைத் தட்டிக் காட்டினேன். மரக்கட்டையைத் தட்டியதுபோல் இருந்தது. "பார்த்தீரே?" என்றேன். அம்மா பார்த்தார். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் பிடித்துவிட்டார். பின்னேரம் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியது. தொட்டால் மெத்தென்று இல்லை. பலகை போல் இறுகிக் கிடந்தது. இருட்டுகிற நேரம் அது மற்றப் பக்கத்துக்கும் போய்விட்டது.

அடுத்த நாள் விடிந்தபோது எனக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. நாக்கு என் சொல் கேட்கவில்லை. கீழிருந்து யாரோ அதைக் கையால் தூக்கி அண்ணத்தோடு அழுத்திப் பிடிப்பதுபோல் இருந்தது. படுத்தால் மூச்சு நின்றது. முன்னுக்குக் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் வந்தது. நான் ஏதோ சொல்ல, "அப்பா வாய்க்குள்ள கிழங்கு வைச்சுக்கொண்டு கதைக்கிறார்" என்று கவின் சிரித்தான். பிறகு என் மடியில் எச்சில் வழிந்துகொண்டிருப்பதைக் கண்டு சிரிப்பை நிற்பாட்டினான். நீ சிரித்ததில் பிழை இல்லையடா. நானும் என்னைக் கண்ணாடியில் பார்க்கவில்லை.

ரஞ்சன் மாமாவின் ஓட்டோவில்தான் போனோம். உரும்பிராயில் இருந்து பெரியாஸ்பத்திரி வரைக்கும் நான் தலையை வெளியே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டு போனேன். அங்கே வாங்குகளில் இருக்க இடமில்லாமல் சனம். எங்களைக் கண்ட தாதி ஒருவர் எழும்பி வந்து, என் நாடிக்குக் கீழே ஒரு விரலால் தொட்டார். உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் நிற்காமல் கூப்பிடப்படுகிறவனைப் பார்த்து அங்கே யாரும் கோபிப்பதில்லை. விலகி வழி விடுகிறார்கள். அந்த வழியைக் கண்டபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. வாய், தாடை அறுவைப் பிரிவில் வேலை செய்கிறவர்.

"நாக்கை நீட்டுங்கோ ஐயா."

முடியவில்லை.

"எந்தப் பல்லு?"

காட்டினேன்.

"இப்ப நோகுதோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எப்ப நிண்டது?"

"ஆடியமாவாசை" என்றார் அம்மா.

அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்ற பெரிய டொக்டரைத் திரும்பிப் பார்த்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

பெரிய டொக்டர் மெதுவாகச் சொன்னார். "பல்லிலை இருந்து கிருமி இறங்கி நாக்குக்குக் கீழையும் கழுத்துக்குள்ளையும் பரவியிட்டுது. மூச்சு வாற பாதை சுருங்கிக்கொண்டு வருது. முதல்லை கழுத்திலை ஒரு துவாரம் போட்டு மூச்சுக்கு வழி செய்யவேணும். பிறகுதான் மயக்கிப்போட்டு மற்ற வேலை. மயக்கிப் படுக்கப் போட்டால் மூச்சு அப்பவே அடைச்சிடும். அதாலை கழுத்து வேலையை முழிப்பிலைதான் செய்யிறம். விறைப்பூசி போடுவம்."

"முழிப்பிலையோ?" என்றார் ரஞ்சன் மாமா. அதற்குப் பிறகு அவர் அன்று முழுவதும் பகிடி விடவில்லை.

சம்மதத் தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். என் எச்சில் ஒரு சொட்டு பெயருக்கு மேலே விழுந்து மை கலைந்தது. அம்மா முந்தானையால் ஒற்றினார். "பிள்ளையளுக்கு என்ன சொல்ல?" என்று கேட்டார். பல்லுப் புடுங்க என்று சைகை காட்டினேன். அவர் உங்களிடம் அதைத்தான் சொன்னார். அது பொய்யும் இல்லை.

அந்த அறையில் என்னைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். விறைப்பூசி போட்ட பிறகு நோவு இல்லை. ஆனால் தொண்டையை ஆரோ தள்ளுவதும் அழுத்துவதும் தெரிந்தது. மூச்சு ஒரு நூலாகி, பிறகு அந்த நூலும் இல்லாமல் போனது. சரி, இவ்வளவுதான் என்று நினைத்தேன். உங்கள் இருவரின் முகமும் வரவில்லை, பிள்ளைகளே. பொய் சொல்லக்கூடாது. தோட்டத்துக் கிணற்று மோட்டரை நிற்பாட்டினேனா என்பதுதான் வந்தது. அப்போது ஒரு இருமல் வெடித்தது. வாயால் அல்ல, கழுத்தால். அதோடு காற்று குபுகுபுவென்று உள்ளே போனது. அப்படி ஒரு மூச்சை நான் இதற்கு முதல் இழுத்ததே இல்லை.

அதன் பிறகு மயக்கி, பல்லைப் பிடுங்கி, தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நாடிக்குக் கீழும் வெட்டி, உள்ளே இருந்ததை வழிய விட்டு, தொடர்ந்து வழியட்டும் என்று ரப்பர்க் குழாய்களை வைத்தார்கள். நான் கண் திறந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். கழுத்தில் ஒரு ரியூப். மூக்கில் ஒரு ரியூப், அதால்தான் பால். கையில் சேலைனும் கிருமிக்கொல்லி மருந்தும். என்னில் இருந்து ஒரு நாற்றம் வந்தது. செத்த எலியின் நாற்றம். மணிக்கு ஒருமுறை தாதி மிசி வந்து கழுத்து ரியூப்புக்குள் மெல்லிய குழாயை விட்டுச் சளியை உறிஞ்சுவார். அந்தச் சில நொடிகள் கிணற்றுக்குள் விழுந்தவனுக்கு இருப்பது போல. "முடிஞ்சுது ஐயா, முடிஞ்சுது" என்பார். அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பேன்.

நாலாம் நாள் வாட்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் குருநகர் அந்தோனி. வள்ளத்தை இழுக்கும்போது கயிறு அறுந்து கட்டை அடித்துத் தாடை உடைந்தவர். மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவருக்கு வாய் திறக்காது. எனக்குக் குரல் இல்லை. இரண்டு பேரும் கண்ணாலும் கையாலும் கதைத்தோம். அவருக்கும் எனக்குமாகச் சேர்த்து அவருடைய மனைவி கதைத்தார்.

"உரும்பிராய் அண்ணைக்கு என்ன வருத்தம் அக்கா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நல்லூர்ல உருண்டவர், தங்கச்சி."

"உருண்டதுக்கோ கழுத்தை வெட்டினவை?"

அந்தோனி உறுமினார். கம்பிக்குள்ளால் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. அக்கா, இந்த மனிசன் ஏச ஏலாமக் கிடக்கிற முதற் கிழமை இதுதான். மாதாவே, வீடு கோயில் மாதிரிக் கிடக்கு."

கவின், நீ மாமாவிடம் உன் விசிலைக் கொடுத்து அனுப்பியது அங்கேதான் வந்து சேர்ந்தது. ஏதும் வேண்டும் என்றால் ஊதி மிசியைக் கூப்பிடட்டும் என்று சொல்லியிருந்தாயாம். வாயில் வைத்து ஊதினேன். சத்தம் வரவில்லை. என் காற்று வாய்க்கு வராமல் கழுத்தால் போய்க்கொண்டிருந்தது. அந்தோனி அதை வாங்கிக் உதட்டில் வைத்துக் கம்பிப் பல்லுக்குள்ளால் ஒரு ஊது ஊதினார். மிசி ஓடி வந்து இரண்டு பேரையும் ஏசிப்போட்டுப் போனார். விசிலைப் பறிக்கவில்லை. துளசி எழுதி அனுப்பிய கடிதத்தை நான் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். அதில் வெங்காயத்துக்கு மாமாதான் இறைக்கிறார் என்று மூன்று தரம் எழுதியிருந்தாய். நான் எதற்குப் பயப்படுவேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

குரல் இல்லாததால் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுவேன். ஒரு நாள் டொக்டர் பிள்ளையிடம், "நோவு நின்றபிறகு எப்படி?" என்று எழுதினேன். அவர் கட்டில் ஓரத்தில் இருந்து அதே கொப்பியில் ஒரு பல்லின் படம் கீறினார். மேலே சின்ன மேடு, கீழே இரண்டு நீளக் கால்.

"நீங்கள் பல்லு எண்டு காணுறது இந்த மேட்டை மட்டும்தான் ஐயா. பாதிக்கு மேலை முரசுச் சதைக்குள்ளையும் எலும்புக்குள்ளையும் கிடக்கு. அதுதான் வேர்."

மேட்டின் வெளித்தோலைத் தடிப்பாகக் கீறினார். அது எனாமல். துளசியின் விஞ்ஞானப் புத்தகத்தில் மிளிரி என்று இருக்கிறது. உடம்பில் எலும்பை விடக் கடினமான பொருள் அதுதான். அதற்கு நோவு தெரியாது. ஒருமுறை கரைந்தால் திரும்ப வளரவும் மாட்டாது. என் கறுப்புப் புள்ளி அதில்தான் தொடங்கியது. அதற்குள்ளே மஞ்சள் நிறமான இன்னொரு படை. அதை டென்ரின் என்றார். கண்ணுக்குத் தெரியாத எண்ணுக்கணக்கற்ற துளைகள் அதில் உள்ளே ஓடுகின்றன. குளிர்ந்த தண்ணீர் எனக்கு மண்டைவரை ஏறியது அந்தத் துளைகளால்தான். அதற்கும் உள்ளே, நட்டநடுவில், ஒரு சின்ன அறை. அறைக்குள் மென்மையான தசை, இரத்தக் குழாய், நரம்பு. அதுதான் பல்லின் உயிர். அந்த உயிருக்கு வழி, வேரின் நுனியில் உள்ள ஊசித்துவாரம் மட்டும்தான். வேரைச் சுற்றி மெல்லிய நார்கள். எலும்புக்குள் பல் ஆணி போல் அறைந்து நிற்கவில்லையாம். ஏணையில் பிள்ளை கிடப்பதுபோல் அந்த நார்களில் தொங்குகிறதாம்.

"கை வீங்கினால் தோல் இளகிக் குடுக்கும். பல்லுக்குள்ளை வீங்கினால் சுவர் இளகாது. அதுதான் அந்தக் கொதி. பேந்து இரத்தம் உள்ளுக்கு வரேலாமல் அந்தத் தசையும் நரம்பும் செத்துப்போகும். நரம்பு செத்தால், நோகுது எண்டு உங்களுக்கு ஆர் வந்து சொல்லுறது?"

பல் இருந்த வெற்றிடத்தை நாக்கால் தடவினேன்.

"கிருமி மட்டும் சாகேல்லை. செத்த அறைக்குள்ளை அதுக்கு நல்ல சாப்பாடு. தின்னுதின்னு வேர் நுனியாலை எலும்புக்குள்ளை இறங்கும். கீழ்க்கடைவாய்ப் பல்லின்ரை வேர் நுனிக்கும் கழுத்துக்கும் நடுவிலை பெரிய மதில் ஒண்டும் இல்லை ஐயா."

ஒன்பது நாட்கள். நான் அந்தப் பக்கத்தால் சோறு மென்ற ஒன்பது நாட்கள். கோயில் மணலில் உருண்டு நன்றி சொன்ன ஒன்பது நாட்கள். உள்ளே அது இறங்கிக்கொண்டிருந்தது. நான் சாமியையோ அப்பப்பாவையோ குறை சொல்லவில்லை. அவர்கள் செய்யாத ஒன்றை நான்தான் அவர்கள் பேரில் எழுதிவிட்டேன்.

கழுத்து ரியூப்பை எடுத்து, துவாரத்துக்குக் கட்டுப் போட்டு, வீட்டுக்கு விடுகிற அன்று தலையைச் சுற்றிவரும் இயந்திரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். பிடுங்கிய பல்லுக்கு முன்னால் நிற்கிற பல்லின் வேர் அடியில் இலேசான நிழல் ஒன்று இருந்தது. டொக்டர் பிள்ளை பஞ்சில் குளிர் மருந்தை அடித்து அந்தப் பல்லில் வைத்தார். கொஞ்சம் பிந்தி, கொஞ்சமாகக் கூசியது.

"உயிர் கிடக்கு. ஆனால் சோர்ந்துபோச்சு. ஒரு மாசத்தாலை வாங்கோ, பார்ப்பம். நோகத் தொடங்கினால் உடனை வாங்கோ."

பிறகு, நான் எழும்பும்போது சொன்னார்: "கூச்சம் இல்லாமல் போனால் அதுக்கும் வாங்கோ. அதுக்குத்தான் கெதியா வரோணும்."

கவின், இதுதான் உனக்கு என் பதில். உங்களுக்குப் பல் நொந்தால் சொல்லுங்கள். நொந்துகொண்டிருந்தது தானாக நின்றுவிட்டால் ஓடி வந்து சொல்லுங்கள். நான் ஏசமாட்டேன். விரதமோ பள்ளிக்கூடச் சோதனையோ தேரோ எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம் மறைக்க நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டேன்.

வீட்டுக்கு வந்து எட்டாம் நாள், நீங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். அம்மா சங்கக் கடைக்குப் போய்விட்டார். நான் பிரிட்ஜில் இருந்து ஒரு ஐஸ்கட்டியை எடுத்துத் துணியில் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். இடப்பக்கம் மேலே இருந்து தொடங்கினேன். ஒவ்வொரு பல்லாகத் தொட்டேன். முதலாவது சுள்ளென்றது. "ஆ" என்று வாய்விட்டுக் கத்தினேன். அடுத்ததும் சுள்ளென்றது. அதற்கடுத்ததும். கண்ணில் தண்ணீர் வர வர எனக்குச் சந்தோசமாக இருந்தது. இப்படி ஒரு வலியை நான் விரும்பித் தேடிப் போனதில்லை. மேல்வரிசை முடிந்தது. கீழ்வரிசையில் இடப்பக்கம் முடிந்தது. முன்பற்கள் முடிந்தன. வலப்பக்கம் வந்து, வெற்றிடத்துக்கு முன்னால் நிற்கிற அந்தப் பல்லில் வைத்தேன்.

ஒன்றும் இல்லை.

பல்லைத் துணியால் துடைத்தேன். இன்னொரு ஐஸ்கட்டி எடுத்து வைத்தேன். முப்பது வரைக்கும் எண்ணினேன். உருகிய தண்ணீர் மணிக்கட்டால் வழிந்து முழங்கையில் சொட்டியது. பல் சும்மா இருந்தது.

கிளினிக் கொப்பியில் போட்டிருந்த நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. கொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். கதவைச் சாத்தினேன். அம்மா வரும்வரைக்கும் நிற்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன்.